சமதரையில் பழகிய தொடக்கம்

என் அக்காவின் மகள் சுவிற்சர்லாந்தில் பிறந்து வளர்ந்தவள். 2023ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஒருநாள் தொலைபேசியில், தான் ‘ஸ்கெலிட்டன்’ பழகத் தொடங்கியிருப்பதாக அவள் சொன்னாள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியையான எங்கள் அம்மா அச்சொல்லுக்கு எலும்புக்கூடு என்ற ஒரே பொருளை அறிந்திருந்தபடியால், பேத்தி வைத்தியம் படிக்க ஆயத்தமாகிறாள் என்று கல்லடியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் சொல்லிவிட்டார். அக்கா அனுப்பிய சிறு ஒளிப்பதிவைப் பார்த்த பிறகுதான் விடயம் விளங்கியது. பனிக்கட்டியால் ஆன நீண்ட வாய்க்கால் ஒன்றுக்குள், பள்ளிக்கூட மேசைப் பலகையிலும் ஒடுங்கிய ஓர் உருக்குச் சட்டத்தின்மேல் குப்புறப் படுத்து, தலை முன்னே போக, நாடி பனியில் முட்டும் உயரத்தில் எங்கள் பிள்ளை பாய்ந்து போனாள். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

நான் மட்டக்களப்பில் 31 ஆண்டுகள் உடற்கல்வி கற்பித்துவிட்டு ஓய்வுபெற்றவள். குறுந்தூர ஓட்டக்காரிகளை வலய மட்டத்திலிருந்து மாகாண மட்டத்துக்கும், அவர்களிற் சிலரைத் தேசிய மட்டத்துக்கும் கொண்டுபோனதே என் அனுபவம்; பனிக்கட்டியை அதுவரை கண்டது குளிர்சாதனப் பெட்டியிலும் மீன் வாடியிலும்தான். அப்படிப்பட்ட என்னிடம் 2024ஆம் ஆண்டு ஆடி, ஆவணியில் ஐந்து வாரங்களுக்கு அந்தப் பிள்ளையின் பயிற்சி வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் வளரும் உறவுப் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, அங்கே பழகும் விளையாட்டுக்கு இங்கே உதவி கேட்டால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதற்கு என்னிடம் இப்போது கொஞ்சம் அனுபவம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் நான் விட்ட பிழைகளால் வந்தது.

பனித்தடத்தில் இறங்கும் விளையாட்டுகள் மூன்று. பொப்ஸ்லேயில் வண்டிக்குள் அமர்ந்து போவார்கள். லூஜில் மல்லாந்து படுத்துக் கால் முன்னே போக இறங்குவார்கள். ஸ்கெலிட்டனில் குப்புறப் படுத்துத் தலை முன்னே போக இறங்குவார்கள். சுவிற்சர்லாந்தின் சென் மொறிட்ஸ் என்ற மலையூரில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வேர்விட்ட இவ்விளையாட்டு, அதே ஊரில் 1928இலும் 1948இலும் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குகளில் இடம்பெற்று, பிறகு நெடுங்காலம் வெளியே நின்று, 2002இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றியில் பெண்களுக்கும் சேர்த்துத் திரும்பி வந்தது. வண்டிக்குத் தடுப்பு இல்லை; திருப்புவதற்குக் கைபிடியும் இல்லை. அடியில் இரண்டு உருக்குக் கம்பிகள், அவற்றின்மேல் சட்டம், அதன்மேல் ஆள், அவ்வளவுதான். பெரியவர்கள் மணிக்கு 130 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தைத் தொடுகிறார்கள். பெரிய வளைவுகளுக்குள் உடலின் எடை நான்கைந்து மடங்காகிவிட்டதுபோல் அழுத்துவதால், தூக்கிப் பிடித்திருக்கும் தலை தானாகவே தாழ்ந்து, தலைக்கவசத்தின் நாடிப் பகுதி பனியில் உரசும்.

2024 ஜனவரியில் தென்கொரியாவின் கங்வொன் மாகாணத்தில் இளையோர் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது அவள் வெறும் தொடக்கநிலையாளர். எங்களைப் போலவே பார்வையாளர். அவள் அங்கிருந்தும் நாங்கள் இங்கிருந்தும் ஒரே நேரலையைப் பார்த்துக்கொண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோம். 2018ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட, 16 வளைவுகள் கொண்ட அல்பென்சியா தடத்தில்தான் போட்டிகள் நடந்தன. ஒருவரே தள்ளி ஒருவரே ஓட்டும் மொனோபொப் போட்டியில் துனீசியாவின் ஜொனத்தன் லூரிமியும் தாய்லாந்தின் அக்னேசே கம்பியோலும் வெள்ளிப் பதக்கம் வென்றார்கள். பனித்தடம் இல்லாத நாட்டுப் பிள்ளைகளைக் கொரியாவுக்கு அழைத்துப் பழக்கும் திட்டமொன்றிலிருந்து வந்தவர்கள் அவர்கள். “தாய்லாந்திலும் எங்கட வெயில்தானே?” என்று அம்மா கேட்டார். அதற்குப் பிறகு பேத்தியின் விளையாட்டைப் பற்றி வீட்டில் யாரும் குறை சொல்ல அவர் விடவில்லை.

அயலிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. இந்தியாவின் சிவ கேசவன் 1998இல் ஜப்பானின் நகானோவில், 16 வயதில், லூஜ் போட்டியில் இறங்கினார். அதன்பின் 2018 வரை மொத்தம் ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் பங்குபற்றினார். பனித்தடம் இல்லாத குறையை அவர் தீர்த்துக்கொண்ட விதம், வண்டிக்குச் சில்லுப் பூட்டி இமயமலை வீதிகளில் இறங்கியதுதான். அந்தச் செய்தியை வாசித்தபோது நான் சில்லை மட்டும் கவனித்தேன். இமயமலையைக் கவனிக்கவில்லை. அந்தக் கவனக்குறைவுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது பின்னால் வரும்.

பிள்ளை வந்திறங்கிய காலம் கச்சான் காற்று வீசும் காலம். முதல் நாளே அவளை வெபர் மைதானத்துக்குக் கூட்டிச்சென்றேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிப்பதாகத் திட்டம்; எட்டு மணிக்கு அவள் மைதானத்தின் ஓரத்தில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். குளிர்நாட்டு உடம்பு இந்த வெக்கைக்கு இணங்க ஒரு கிழமையாவது பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாத விடயமல்ல. நாட்கள் குறைவு என்ற பதற்றத்தில் அதை மறந்தேன். அதற்குப் பிறகு முதற் கிழமை முழுவதும் விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்பது நிமிடம் மட்டும், இளநீரும் உப்பிட்ட கஞ்சியுமாக, மெல்ல மெல்லப் பழக்கினேன். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையைப் பழக்கும் எவரும் இந்த முதற் கிழமையைக் கணக்கில் சேர்க்காமலே அட்டவணை போடவேண்டும்.

ஸ்கெலிட்டனில் எங்களைப் போன்றவர்கள் கைகொடுக்கக்கூடிய பகுதி தொடக்கம்தான். பச்சை விளக்கு எரிந்ததும் 30 செக்கனுக்குள் புறப்படவேண்டும். குனிந்தபடி, ஒரு கையால் வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, பனிமேல் முழுவேகத்தில் ஓடி, ஓட்டம் குறையாமல் வண்டிமேல் விழுந்து படுக்கவேண்டும். அதன்பின் சரிவைத் தவிர உந்துவதற்கு எதுவும் இல்லை. மேலே சேர்த்த வேகம்தான் கீழே வரை முதல். ஆகவே மெய்வல்லுநர் துறையிலிருந்து இங்கே மாறியவர்கள் நிறையப் பேர். பிரித்தானியாவின் லிசி யார்னோல்ட் ஏழம்சப் போட்டியிலிருந்து வந்து, 2014இலும் 2018இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கொரியாவின் யுன் சங்-பின் பள்ளிக்கூட நாட்களில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் கண்ணில் பட்டு இதற்குள் வந்தவர். 2018 பெப்ரவரி 16ஆம் திகதி, கொரியர்களின் புத்தாண்டு நாளன்று, 1.63 செக்கன் வித்தியாசத்தில் தங்கம் வென்றார். செக்கனின் நூறில் ஒரு பங்கு கணக்கிடப்படும் விளையாட்டில் அது மலைபோன்ற வித்தியாசம். ஓர் உடற்கல்வி ஆசிரியையின் மனத்தில் இந்தக் கதை என்னென்ன ஆசைகளைக் கிளப்பும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குறுந்தூர ஓட்டத்தில் நாங்கள் கற்பிப்பது, கட்டையை விட்டு வெளியேறியபின் உடம்பை மெல்ல நிமிர்த்தி, முப்பது மீற்றருக்குள் முழு உயரத்துக்கு வருவதை. ஸ்கெலிட்டனில் நிமிரவே கூடாது. இடுப்பு உயர்ந்தால் கால் பின்னுக்குத் தள்ளும் பலம் போய்விடும். அத்தோடு ஒரு கை வண்டியில் இருப்பதால் அந்தப் பக்கத் தோளுக்கு வீச்சும் இல்லை. எட்டுகளை நீட்டினால் கால் உடம்புக்கு முன்னே விழுந்து தானே தடுப்பாகிவிடும் என்பதால், குறுகிய எட்டுகளை விரைவாக வைக்கப் பழக்கவேண்டும். இதற்கு நான் கண்ட நல்ல வழி, குனிந்து ஓடும்போது முதுகுக்கு மேலே வரும்படி ஒரு கயிற்றை இடுப்பளவு உயரத்தில் இருபது மீற்றருக்கு இழுத்துக் கட்டுவது. கயிறு முதுகில் தட்டினால் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. முதல்நாள் பன்னிரண்டு ஓட்டத்தில் பதினொன்று தட்டியது. மூன்றாம் கிழமையில் தட்டவே இல்லை. கடற்கரை மணலிலும் ஓடவிட்டேன். அது கெண்டைக்காலுக்கு நல்லது. ஆனால் பாதம் தரையில் தங்கும் நேரத்தைக் கூட்டிவிடுவதால், கிழமைக்கு ஒருநாளுக்கு மேல் கொடுத்தால் தொடக்கத்தின் விரைவு மழுங்கும்.

சில்லு வண்டிக்கு ஒரு வெல்டிங் பட்டறைக்காரரைப் பிடித்தோம். இரும்புக் குழாயும், கடையில் வாங்கிய நான்கு சிறிய றப்பர் சில்லுகளும், மேலே ஒரு பலகையும், பலகைக்குப் பழைய மெத்தைத் துணியும். அவர் அதைச் செய்துமுடித்துவிட்டு, “டீச்சர், இதில யாரைக் கொண்டுபோகப் போறீங்க?” என்று கவலையோடு கேட்டார். விடியற்காலையில் வாகனம் அதிகம் வராத ஒரு காப்பெட் வீதியைத் தெரிந்து, இரு முனையிலும் பழைய மாணவிகள் இருவரை மோட்டார் சைக்கிளோடு நிறுத்தினேன். வாகனங்களை மறிக்க முடிந்தது. நாய்களை மறிக்க முடியவில்லை. குனிந்தபடி ஓடும் மனிதரைக் கண்டால் நாய்களுக்கு ஏனோ பொறுப்பதில்லை. அவள் அந்தக் கிழமையில் ஓடியவைதான் தன் வாழ்நாளின் அதிவேகத் தொடக்கங்கள் என்று இன்றும் சொல்கிறாள்.

நான்காம் நாள் முன்சில்லின் போல் பெயாரிங் இறுகி, வண்டி நின்றுவிட்டது, பிள்ளை நிற்கவில்லை. இரண்டு முழங்கையிலும் தோல் போனது. அன்றுவரை தலைக்கவசம் போட்டேன், முழங்கைக்கு எதுவும் போடவில்லை. பனித்தடத்திற்கூட உடையின் உள்ளே முழங்கைக் கவசம் அணிவார்கள் என்று காயத்துக்கு மருந்து கட்டும்போதுதான் அவளே சொன்னாள். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீங்க கேக்கயில்ல, சின்னம்மா” என்றாள். சில்லு வண்டி செய்கிறவர்கள், ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் நான்கு சில்லையும் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும், எண்ணெய் இடவேண்டும், பிள்ளையிடம் அந்த விளையாட்டின் பாதுகாப்பு அணிகள் எவையென்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதவேண்டும்.

தொடக்க ஓட்டத்துக்கு வீதியில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தேன். 35ஆவது மீற்றரில் வண்டிமேல் ஏறவேண்டும் என்பது என் கணக்கு. இந்த எண் எங்கிருந்து வந்தது என்றால், நேரலையில் பார்த்த போட்டியாளர்கள் ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஓடியதாக என் கண்ணுக்குப் பட்டது, அவ்வளவுதான். அவள் கோட்டைக் கண்டால் ஏறுவாள். கோட்டுக்கு முன்னே ஏறினால் நான் திருப்பி அனுப்புவேன். ஐந்து வாரத்தில் அந்தக் கோடு அவளுடைய காலில் எழுதப்பட்டுவிட்டது.

கழுத்துக்குத் தனிப் பயிற்சி தேவை. வாங்கில் குப்புறப் படுத்து, தோள்வரை வாங்கில் இருக்க, தலையை வெளியே நீட்டி, எதிரே சுவரில் ஒட்டிய பொட்டைப் பார்த்தபடி இருபது செக்கன் நிற்கவேண்டும். வளர்கின்ற பிள்ளைகளுக்கு இதில் பாரம் எதுவும் சேர்க்கக்கூடாது. நேரத்தை மட்டும் மெல்லக் கூட்டவேண்டும். இன்னொருவர் உள்ளங்கையால் நெற்றியிலும் பிடரியிலும் பக்கங்களிலும் மெதுவாக அழுத்த, பிள்ளை அசையாமல் தாங்குவதும் நல்லது. வலி கைக்குள் இறங்கினால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டவேண்டும்.

எனக்குப் புதிதாகவும், இப்போது என் பழைய மாணவிகளுக்கும் பயன்படுத்துவதாகவும் இருப்பது மனத்தால் தடத்தில் இறங்கும் பயிற்சி. சென் மொறிட்ஸ் தடம் 1722 மீற்றர் நீளமும் 19 வளைவுகளும் கொண்டது. இன்று உலகில் பெரிய போட்டிகள் நடக்கும் மற்றத் தடங்களெல்லாம் கொங்கிறீற்றில் குளிரூட்டும் குழாய் பதித்துக் கட்டப்பட்டவை; இது மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பனியையும் தண்ணீரையும் கொண்டு புதிதாகக் கட்டப்படுவது. வட இத்தாலியின் தென் ரிறோல் பகுதியிலிருந்து வரும் கைவினைஞர்கள் அதைக் கட்டுகிறார்கள். வளைவுகளுக்குப் பெயர்களும் உண்டு. விறாந்தைச் சீமெந்தில் அவள் கரியால் தடத்தை வரைந்தாள். மத்தியான வெக்கையில் பாயில் குப்புறப் படுத்து, கண்ணை மூடி, தோளையும் முழங்காலையும் மெல்ல அழுத்தி, தலையை அரையங்குலம் சாய்த்து, மேலிருந்து கீழே ‘இறங்குவாள்’. நான் செக்கன் கடிகாரத்தோடு பக்கத்தில் இருப்பேன். உண்மையான ஓட்டம் ஒரு நிமிடம் பத்துச் செக்கனுக்குச் சற்று அப்பால் போகும் என்று வைத்துக்கொண்டால், முதல்நாள் அவள் 48 செக்கனில் முடித்துவிட்டாள். ஏதோ வளைவுகளை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். கேட்டபோது, ‘டெலிஃபோன்’ வளைவுக்கும் ‘டெவில்ஸ் டைக்’ வளைவுக்கும் இடையில் எதுவும் ஞாபகமில்லை என்றாள். அங்கேதான் பனியிலும் அவள் வழக்கமாகச் சுவரில் முட்டுவாளாம். இரண்டு கிழமையில் நேரம் உண்மைக்கு அருகே வந்தது. அம்மாவுக்கும் வளைவுகள் வரிசையாகப் பாடமாகிவிட்டன. சாத்தானின் பெயரால் ஒரு வளைவு இருப்பதை அவர் விரும்பாமல், அதைப் பதினொன்றாவது என்றோ பன்னிரண்டாவது என்றோ ஒவ்வொரு நாளும் ஓர் எண்ணால் மட்டும் குறிப்பிட்டார்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். அக்கா நேர்த்தி வைத்திருந்தாள். தீர்த்தக் கரையில் அவள் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்டாள் என்பதை நான் கேட்கவில்லை.

அடுத்த தை மாதத்தில் விசா கிடைத்து, சூரிச்சில் அக்கா வீட்டுக்குப் போனேன். சென் மொறிட்ஸில் இளையோருக்கான சர்வதேசப் போட்டி. பல நாட்டுப் பிள்ளைகள். றயில் ஆல்புலா மலைகளுக்குள் சுற்றிச் சுற்றி ஏறி, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1800 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோய் இறக்கியது. குளிரை விவரிக்க நான் முயலப்போவதில்லை. அங்கே நான் கற்றதை மட்டும் சொல்கிறேன். போட்டி உடை தோலோடு ஒட்டிய மெல்லிய துணி. ஆகவே பிள்ளைகள் கடைசி நிமிடம்வரை தடித்த அங்கி, காற்சட்டை, மேற்சப்பாத்து எல்லாவற்றோடும் ஓடி, குதித்து, உடம்பைச் சூடாக வைத்திருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் ஒருவர் அங்கியைக் கழற்றி வாங்குவார். அந்த ஒருவர் வேலை எனக்குக் கிடைத்தது. சப்பாத்தின் அடியில் ஊசிமுனை போன்ற நூற்றுக்கணக்கான சிற்றாணிகள். அவற்றோடு தடத்தைத் தவிர வேறெங்கும் மிதிக்கக்கூடாது என்பதால், மேலே ஓர் உறை போடுவார்கள்.

வண்டியின் கம்பிகளுக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்து வியந்தேன். முதல்நாள் இரவு மூன்று மணி நேரம், கரடான எமரித் தாளில் தொடங்கிப் படிப்படியாக மெல்லிய தாளுக்குப் போய், முகம் தெரியும்வரை அவள் தேய்த்தாள். தேய்த்தபின் விரல் படக்கூடாது. போட்டிக்குமுன் அதிகாரிகள் கம்பியின் வெப்பத்தை அளப்பார்கள். திறந்த வெளியில் வைத்திருக்கும் மாதிரிக் கம்பியைவிட நான்கு பாகைக்கு மேல் சூடாக இருந்தால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். சூடான கம்பி பனியில் இலகுவாக வழுக்கும் என்பதே காரணம். வண்டியும் ஆளும் சேர்ந்த எடைக்கும் உச்சவரம்பு உண்டு. மெலிந்த பிள்ளைகள் விதி விடும் அளவுக்கு வண்டியில் பாரம் சேர்க்கலாம். ஆகவே எடைக்காகச் சாப்பாட்டில் கைவைக்க எந்தப் பெற்றோரும் விடவேண்டியதில்லை. வண்டியை வாங்கவும் அவசரப்படவேண்டாம். அது உடம்பின் அளவுக்கு அமையவேண்டியது. வளரும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டில் பொருந்தாது போகலாம். அக்கா முதல் ஆண்டு வாடகைக்கு எடுத்ததும் பிறகு பழைய வண்டி ஒன்றை வாங்கியதும் புத்தியான காரியம்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னே, பயிற்சி ஓட்டத்தில் ஒரு வளைவிலிருந்து வெளியேறும்போது அவளுடைய தலைக்கவசம் சுவரில் அடிபட்டது. கீழே வந்து ஒன்றுமில்லை என்றாள். இரவில் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அறைத்தோழியிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளைதான் என்னிடம் வந்து சொன்னாள். பயிற்றுநருக்கு அறிவித்தோம், வைத்தியர் பார்த்தார், அடுத்த நாள் முழுவதும் தடத்துக்குப் போகவிடவில்லை. அவள் என்னோடு ஒருநாள் பேசவில்லை. இந்த விளையாட்டில் அடி விழாவிட்டாலும், தொடர்ந்த அதிர்வினால் தலையிடியும் மந்தமும் வருவதுண்டு. அதைச் சாதாரணம் என்று பழகிக்கொள்ளும் பழக்கமும் அங்கே இருக்கிறது. தலை இடிக்கிறதா என்று கேட்டால் பிள்ளைகள் இல்லை என்றுதான் சொல்வார்கள். சாப்பிட்டதா, படித்தது ஞாபகம் இருக்கிறதா, தொலைபேசியைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறதா என்று சுற்றிக் கேட்கவேண்டும். இறங்கலாம் என்று சொல்லும் உரிமை வைத்தியருக்கு மட்டும் இருக்கட்டும்.

இப்போது என் கோட்டுக்கு வருகிறேன். வைத்தியர் விட்டபின் கிடைத்த கடைசிப் பயிற்சி ஓட்டத்தில் நான் முதன்முறையாகத் தொடக்க இடத்தின் பக்கத்தில் நின்று பார்த்தேன். பச்சை விளக்கு. முதற் பத்து மீற்றரில் அவளுடைய ஓட்டம் மற்றப் பிள்ளைகளை விட நன்றாகவே இருந்தது. இடுப்பு தாழ்ந்து, எட்டுகள் குறுகி, கயிற்றுக்கடியில் பழகியதெல்லாம் அப்படியே இருந்தது. பிறகு தரை சரியத் தொடங்கியது. வண்டி தானாகவே வேகம் எடுத்தது. மற்றப் பிள்ளைகள் அந்தக் கணத்தில் ஏறிவிட்டார்கள். எங்கள் பிள்ளை ஏறவில்லை. வண்டி அவளை இழுக்க, கால்கள் பின்தங்க, கை நீள, இன்னும் மூன்று நான்கு எட்டுகள் தடுமாறி ஓடி, நான் சுண்ணாம்பில் போட்ட தூரத்துக்கு வந்த பிறகே பாய்ந்தாள். அந்தப் பாய்ச்சலில் வண்டி ஒரு பக்கம் உதைபட்டுத் தடத்தின் சுவரில் மோதியது.

மட்டக்களப்பில் மேடு என்று சொல்லப் பாலத்தின் ஏற்றத்தைத் தவிர எதுவும் இல்லை. சமதரையில் தள்ளும் வண்டி, தள்ளத் தள்ளத்தான் போகும். விட்டால் வேகம் குறையும். ஆகவே அங்கே அதிக தூரம் தள்ளியவர் வென்றவர். சரிவில் ஓர் இடத்துக்குப் பிறகு வண்டி காலைவிட வேகமாகிவிடும். அதற்குமேல் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் வண்டியைத் தள்ளவில்லை, பின்னால் இழுக்கிறார். அந்த இடம் ஆளுக்கு ஆள், பனிக்குப் பனி மாறும். அதை மீற்றரில் குறித்துக் கொடுக்க யாராலும் முடியாது. கைப்பிடி விரல்களை இழுக்கத் தொடங்குவதை உணர்ந்து, அதற்கு ஓர் எட்டு முன்னே ஏறவேண்டும். இமயமலை வீதியில் இறங்கியவருக்குச் சில்லைவிடச் சரிவுதான் ஆசானாக இருந்திருக்கும் என்பதை நான் அந்தப் பனியில் நின்றபோதுதான் யோசித்தேன். பயிற்றுநர் அவளிடம், இதை எங்கே பழகினாய் என்று கேட்டாராம். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்றிரவு அவளிடம் பிழை என்னுடையது என்று சொன்னேன். கோட்டை மறக்கச் சொன்னேன். மறக்கச் சொன்னால் மறக்கும் காரியமல்ல அது; ஐந்து வாரம் கால் படித்ததை ஓரிரவில் அழிக்க முடியாது. ஆகவே விடுதி அறையின் கம்பளத்தில் அவளைக் குனிந்து நிற்கவைத்து, வண்டிக்குப் பதிலாக ஒரு துவாயின் முனையைக் கையில் கொடுத்து, மற்ற முனையை நான் மெதுவாக இழுத்தேன். இழுவை மாறும் கணத்தில் “இப்ப” என்று அவள் சொல்லவேண்டும். ஒருதடவை முந்தியும் ஒருதடவை பிந்தியும் சொன்னாள். இருபது முப்பது தடவைக்குப் பிறகு நான் கையைச் சற்றே இறுக்கும் முன்பே சொல்லத் தொடங்கினாள். இதைச் செய்ய ஒரு துவாய் போதும் என்பதும், கல்லடி வீட்டு விறாந்தையிலேயே செய்திருக்கலாம் என்பதும் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

போட்டி இரண்டு ஓட்டம். இரண்டின் நேரத்தையும் கூட்டி நிலை தீர்மானிக்கப்படும். ஒலிம்பிக்கில் என்றால் நான்கு. முதல் ஓட்டத்தில் அவள் கோட்டுக்கும் துவாய்க்கும் நடுவில் எங்கோ ஏறினாள், வண்டி உதைபடவில்லை. அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற இடத்திலிருந்து முதல் வளைவுக்கு மேல் எதுவும் தெரியாது. தடத்தின் சத்தம் மட்டும் கேட்கும். அது தகரத்தில் மழை கொட்டுவதுபோல் எழுந்து, சட்டென்று அற்றுப்போகும். அதன்பின் ஒலிபெருக்கியில் வளைவுகளின் பெயரும் நேரமும் வரும். ‘சன்னி’ கடந்தாள், ‘ஹோர்ஸ்-ஷூ’ கடந்தாள். அந்தப் பெரிய குதிரைலாட வளைவு முடிந்ததும் என்னை அறியாமலே விறாந்தையில் செய்ததுபோல் தோளை அழுத்தினேன். பக்கத்தில் நின்ற ஓர் இத்தாலியத் தாயும் தன் பிள்ளையின் முறை வந்தபோது அப்படியே செய்தார்.

அக்கா இதில் எதையும் பார்க்கவில்லை. கீழே, முடிவிடத்துக்கு அப்பால், வாகனத் தரிப்பிடத்தில் தேநீர்ப் போத்தலோடு நின்றாள். பிள்ளை தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நடந்து வருவதைக் கண்ட பிறகே போத்தலின் மூடியைத் திறப்பாளாம். அவளை வற்புறுத்தித் தடத்தருகே கொண்டுவர முயன்ற உறவினரை நான் தடுத்தேன். பெற்றோர் பார்த்தே ஆகவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

இரண்டாவது ஓட்டத்தில் அவள் முன்னையதைவிட இரண்டு எட்டு முந்தி ஏறினாள். ஏறியது பஞ்சுமூட்டையில் சாய்ந்ததுபோல் இருந்தது. தொடக்க நேரம் முதலாவதைவிடச் சற்றுக் கூடுதல்தான், அதாவது எண்ணின்படி மோசம். ஆனால் அடுத்த அளவிடத்தில் அவள் முன்னைய நேரத்தை முந்தியிருந்தாள். கீழே வரும்போது அந்த வித்தியாசம் பெருகியிருந்தது. டெலிஃபோனுக்குப் பிறகு சுவரில் ஒருமுறை உரசினாளாம். 22 பேரில் 15ஆவது. பிடியை இறுக்காமல், உடம்பைத் தளர விட்டு, வளைவுக்கு ஓர் அழுத்தத்துக்கு மேல் கொடுக்காமல் இறங்கியதாகச் சொன்னாள். அதிகம் திருப்ப முயன்றால் கம்பி பனியைக் கீறி வேகத்தைத் தின்றுவிடும் என்பது அவளுடைய பயிற்றுநரின் பாடம். அதில் எனக்குப் பங்கில்லை.

தொலைபேசியில் அம்மா முதலில் கேட்டது, சாத்தான் வளைவில் முட்டினாளா என்பதை. இல்லை என்றதும், மற்றதெல்லாம் பிறகு சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

இந்த முறை ஆவணிக்கு அவள் மறுபடி வருகிறாள். ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து நான் சரிவு தேடிக்கொண்டிருக்கிறேன். பாலத்தில் வாகனம் விடாது. கடற்கரை மணல் மேட்டில் சில்லு உருளாது. ஒரு குளக்கட்டுக்கு ஏறும் பாதையொன்று கண்ணில் பட்டது. ரசமட்டமும் கயிறுமாகப் போய் அளந்தேன்; பதினைந்து மீற்றருக்கு ஒரு மீற்றருக்கும் சற்று மேலான இறக்கம், தொடக்கத்தில் மெதுவாகவும் பிறகு கடுமையாகவும். கிறவல் கிடக்கிறது, கூட்டவேண்டும். அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பட்டறைக்காரர் வண்டியைத் திரும்ப வாங்கிப் பெயாரிங் மாற்றியிருக்கிறார். அடியில் தடுப்பு ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டார். இந்த வண்டிக்குத் தடுப்பு இல்லை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் சிறுபோக வெட்டு முடிந்ததும் தன் மச்சானுடைய வயலிலிருந்து வைக்கோற் கட்டு இருபது கொண்டுவந்து இறக்கத்தின் அடியில் அடுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.